கேட்காமல் சேர்த்துக்கொள்

கணினித் திரையின் புளூடூத் பட்டியலில் ஒரு வரிதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தன.

முதலாவது, மகள் டூஃபியின் காதுக்கருவி. இரண்டாவதற்குப் பெயரே இல்லை. சிக்னல் ஒரே ஒரு கோடு. எதிர்த் தையற்கடை ஸ்பீக்கராக இருக்கும் என்று செர்வா தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடை திறப்பதில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

அந்தப் பழைய கணினியை இயக்கும் அடிப்படை நிரலான கெர்னலில் புளூடூத் அணைந்தே கிடந்தது. கருவி இல்லாவிட்டால் இடி விழுந்தாலும் கேட்காத பிள்ளைக்குப் பாடம் நேராகக் காதில் விழட்டும் என்று மதியம் முழுக்க உட்கார்ந்து அதைச் சேர்த்திருந்தாள். வேண்டாதபோது கழற்றும்படி தனித் துண்டாக வைத்திருக்கலாம். அவசரத்தில் கெர்னலுக்குள்ளேயே வைத்துக் கட்டிவிட்டாள். ஒவ்வொரு இணைப்புக்கும் அனுமதி கேட்டு நச்சரித்ததால், யார் கூப்பிட்டாலும் கேட்காமல் சேர்த்துக்கொள் என்றும் எழுதிவிட்டாள்.

வெளியே, பாலைவனத்திலிருந்து வீசும் ஹர்மட்டான் காற்றின் தூசி கானாவின் குமாசி நகரத்து மாலை வெளிச்சத்தை மங்கவைத்திருந்தது. ஜன்னல் இடுக்கில் வறண்ட மண் வாசனையும் யார் வீட்டிலோ வாழைப்பழம் பொரிக்கும் எண்ணெய் வாசனையும் கலந்து வர, காற்றில் காய்ந்த கதவுப் பலகை விட்டுவிட்டு முனகியது.

கோடு இரண்டானது. கோடு கூடினால் பக்கத்தில் வருகிறது என்று அர்த்தம்.

"அம்மா, யாரோ என் பேரச் சொல்றாங்க," என்றாள் டூஃபி.

முகம் தெரியாத குரல் கூப்பிட்டால் வாய் திறக்கக் கூடாது; பதில் சொன்னவரை அது கூட்டிக்கொண்டு போய்விடும். அந்த ஊரில் பிள்ளைகள் பேசப் பழகும்போதே சொல்லிவைப்பது அது.

"பதில் சொன்னியா?"

"நான் என்ன மக்கா? நீதான சொல்லிக் குடுத்த."

செர்வாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. திரையைப் பார்த்தாள்.

இணைந்தது.

பிள்ளை வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள். செர்வா எழுதிவைத்தபடியே கணினி பதில் சொல்லியிருந்தது.

கழற்றப் பார்த்தாள். உள்ளே கட்டப்பட்டது, கழற்ற முடியாது என்றது திரை. மூன்று கோடு. ஒயரைப் பிடுங்கினாள். பேட்டரியை உருவினாள். திரை இருண்டது. கதவு முனகியது. பாய்ந்து போய் டூஃபியின் காதுகளிலிருந்து இரண்டு கருவிகளையும் எடுத்து உள்ளங்கையில் இறுக்கினாள்.

முனகல் நின்றது. காற்றும் நின்றது.

டூஃபி நிமிர்ந்தாள். அம்மாவின் தோளைத் தாண்டி, கதவைப் பார்த்துச் சிரித்தாள். செர்வா வாயே திறக்கவில்லை.

"ஒரு தடவ கூப்பிட்டா போதாதாம்மா? இதோ வர்றேன்."