நெட்டுக்குத்தாக நின்ற விசிறி

கிடையாக நிறுத்திவிட்டுப் போன விசிறி நெட்டுக்குத்தாக நின்றது.

எல்டன் நோவோட்னி கொட்டகைக் கதவைப் பாதி தள்ளியவர் அப்படியே நின்றுவிட்டார். நேற்று சாயங்காலம் எண்ணெயை மாற்றி முடித்ததும் விமானத்தின் மூக்கிலிருந்த விசிறியைத் தன் கையாலேயே கிடையாக நிறுத்தியிருந்தார். அவர் பழக்கம் அது. நெட்டுக்குத்தாக நிறுத்துவது தம்பி மைலோவின் பழக்கம். "மூக்கு நிமிர்ந்து நிக்கட்டும்ணே" என்பான். அந்த மைலோவை ஆகஸ்டில் புதைத்தாயிற்று. இது நவம்பர்.

வெளியே அறுத்த சோளக்காட்டின் மேல் ஓடி வந்த நெப்ராஸ்கா காற்று தகரச் சுவரைப் பிராண்டியது; ஆணி ஓட்டைகள் வழியே மத்தியான வெயில் ஊசி ஊசியாக இறங்கியது; பெட்ரோல் வாடைக்கும் பழைய எண்ணெய் வாடைக்கும் அடியில், மூன்று தடவை பிளீச்சிங் போட்டுத் தேய்த்தும் போகாத இரும்பு வாடை சிமெண்டுத் தரையிலிருந்து எழுந்து அவர் தொண்டையில் வந்து உட்கார்ந்தது. காற்றுதான் திருப்பியிருக்கும் என்று சொல்லிக்கொண்டார். காற்றாம், காற்று! பூட்டிய கொட்டகைக்குள் எந்தக் காற்று வரும்? மூச்சைப் பிடித்துத் தள்ளினால்தான் அந்த விசிறி கால் சுற்று நகரும். அது அவருக்குத் தெரியாதா?

விமானம் அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. எண்ணெய், டயர், பிளக் எல்லாம் சொந்தக்காரனே மாற்றிப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடலாம். எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோவை மட்டும் லைசென்ஸ் மெக்கானிக்தான் தொட வேண்டும். ஆகஸ்டில் அது பழுதானபோது, மெக்கானிக் வரப் பத்து நாள் ஆகும் என்றான். எல்டனுக்குப் பொறுக்கவில்லை. தானே திறந்து அதன் வயரைக் கழற்றினார். சாவியை அணைத்ததும் பொறியை அடக்குவது அந்த ஒற்றை வயர்தான். அது கழன்றால் சாவி எங்கே கிடந்தாலும் எஞ்சினுக்கு உயிர் இருக்கும்; விசிறியைக் கையால் தள்ளினாலே சுழன்று கிளம்பிவிடும். கழற்றினவர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனார். புல்வெட்டியை எடுக்க வந்த மைலோ, வழியை மறித்த விசிறியை ஒரு கையால் ஒதுக்கித் தள்ளினான்.

திரும்பி வந்த எல்டன் முதலில் செய்தது என்ன தெரியுமா? வயரை மாட்டி நட்டை முறுக்கினார். பிறகு சாவியை உள்ளே சொருகித் திருப்பி வைத்தார். அதற்கப்புறம்தான் போன். சாவியை அணைக்காத மடையன் என்று ஊரே மைலோவைச் சொன்னது. பாவி, இவரும் கூடச் சேர்ந்து தலையாட்டினார்.

இப்போது விசிறியைச் சுற்றிக்கொண்டு போய் எஞ்சின் மூடியைத் திறந்தார். வயர் தொங்கியது.

தன் கையால் முறுக்கிய நட்டு. மூன்று மாதமாக யாரும் தொடாத நட்டு. ஸ்பானரை எடுத்து மறுபடி முறுக்கினார். பல் கிட்டிக்கும் வரை முறுக்கினார்.

"இங்கதானா?"

ஸ்பானர் நழுவி விழுந்தது. வாசலில் மைலோவின் மனைவி வோண்டா. கையில் துணி மூடிய தட்டு. ஆப்ரிகாட் பழம் வைத்துச் சுட்ட கோலாச்சி இனிப்பு ரொட்டி.

"நீ எதுக்கும்மா இங்க வந்த? வீட்டுக்குப் போ."

"பசங்க தெனம் கேக்கறானுங்க, 'அப்பா அவ்ளோ மடையனாம்மா'ன்னு. நீங்களே சொல்லுங்க எல்டன். அணைஞ்ச தீக்குச்சியக்கூட தண்ணில முக்கிட்டுத்தான் போடுவாரு. அவரா சாவிய அப்படியே விட்டாரு?"

"விட்டுட்டான்மா. மனுஷன்தானே."

"இப்ப சாவி எங்க?"

சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். "இதோ, எங்கிட்ட."

"அப்ப இது செத்த பாம்பு." தட்டை டயர் மேல் வைத்துவிட்டு, நேரே போய் விசிறியில் உள்ளங்கையைப் பதித்தாள். "இதுக்கா பயந்துக்கிட்டு மூணு மாசமா நான் இந்தப் பக்கமே வரல?"

எல்டனின் கண் எஞ்சினுக்குள் போனது. இப்போதுதான் முறுக்கிய வயர். தொங்கியது. இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

தொடாதே. ஒரே வார்த்தை. ஏன் என்று கேட்பாளே. சாவிதான் உங்களிடம் இருக்கிறதே, பிறகு என்ன என்பாளே. ஊர், போலீஸ், அந்தப் பிள்ளைகளின் முகம். வாயைத் திறந்தார். நாக்கு எழவில்லை. ஒரு மூச்சு நேரம்தான்.

அவள் தள்ளினாள்.

டக்.

எஞ்சின் ஒரே ஒரு தடவை உறுமியது. தட்டு சிதறியது. இறக்கையின் வெள்ளை அடிப்பக்கம் முழுக்கச் சிவப்பு. அவளுடைய கம்பளித் தொப்பி தகரத்தில் மோதி விழுந்தது; அது வெறும் தொப்பியாக இல்லை. தரையில் கிடந்தவளின் ஒற்றைக் கண் அவரைப் பார்த்தது. எல்லாம் புரிந்துவிட்ட கண். பிறகு அது எதையும் பார்க்கவில்லை.

எல்டன் கத்தவில்லை. ஓடவில்லை. குனிந்து ஸ்பானரைத் தேடி எடுத்தார். முதலில் வயர். பிறகு சாவி. அப்புறம் போன். கை ஈரத்தில் வழுக்கியது. பக்கவாட்டில் அவள் கிடந்ததால் முன்னால் வந்து, விசிறிக்கும் எஞ்சினுக்கும் நடுவே தலையைக் கொடுத்து எட்டி முறுக்கினார். "ஏறித் தொலை, ஏறித் தொலை" என்று அழுதார். ஏறியது. இந்தத் தடவை நட்டு இறுகிப் பிடித்தது.

தலையை எடுக்காமலே சாவிக்காகப் பையைத் துழாவினார்.

பை காலி.

மற்றப் பை. காலி.

கதவு சாத்தியிருந்த விமானத்துக்குள் சாவி மெல்லத் திரும்பும் ஓசை. இருக்கை ஒன்று கிரீச்சிட்டது, பழகின ஆள் உட்காருவதுபோல.

கன்னத்தில் குளிர்ந்த உலோகம் பட்டது. யாரும் தொடாத விசிறி, அவர் கழுத்தை உரசிக்கொண்டு, நெட்டுக்குத்தாக நிமிரத் தொடங்கியது.