தவில்காரரின் நடை

வெளியூர்த் திரைப்பட விழாவில் படம் முடிந்ததும் மூன்று பேர் வந்து அங்கயற்கண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மனைவி கதவைத் திறந்த இடத்தில் அழுதுவிட்டதாக ஒருவர் சொன்னார். மகன் ஓடிவந்த இடம்தான் படத்துக்கே உயிர் என்றார் அடுத்தவர். மூன்றாமவருக்கு வாசலில் வாலாட்டிய நாயை மறக்கவே முடியாதாம். அவள் வரைந்த அசைபடத்தில் மனைவியும் இல்லை, மகனும் இல்லை, நாயும் இல்லை. கச்சேரி முடிந்து, தவிலைத் தோளில் சுமந்தபடி ஒரு பெரியவர் வீட்டுக்கு நடக்கிறார், கதவு திறக்கவில்லை. அவ்வளவுதான் படம்.

எல்லாம் இசைவுத்திரையின் உபயம். பார்ப்பவரின் கண்மணியையும் நாடித்துடிப்பையும் படித்து, அவர் மனசுக்குப் பிடித்த மாதிரி படத்தை அந்தக் கணமே திருத்திவிடும். அரங்கில் இருக்கைக்கு ஒன்று, பேருந்தில் ஒன்று, கைக்கடிகாரத்தில் ஒன்று. வேறு திரை இப்போது யாரும் செய்வதே இல்லை.

அங்கயற்கண்ணிக்கு வயிறு எரிந்தது. தனி ஆளாக மூன்று வருடம் காகிதத்தில் பென்சிலால் வரைந்தது. ஒரே ஒரு ஆளாவது தான் வரைந்ததைப் பார்க்காவிட்டால் எதற்கு இந்தப் பிழைப்பு? மதுரைக்குத் திரும்பியதும் பள்ளித்தோழி நஸ்ரினை வீட்டுக்கு இழுத்து வந்து, காகித அடுக்கை அவள் கையில் கொடுத்து, ஓரத்தைக் கட்டைவிரலால் மடமடவென்று புரட்டச் சொன்னாள். திரை குறுக்கே வராத ஒரே வழி அதுதான்.

நஸ்ரின் புரட்டினாள். இன்னொரு தடவை புரட்டினாள்.

“தப்பா நெனைக்காத அங்கை. இந்த ஆளு எப்ப நடக்க ஆரம்பிப்பாரு?”

அங்கயற்கண்ணி அடுக்கைப் பிடுங்கித் தானே புரட்டிப் பார்த்தாள். தூக்கிவாரிப் போட்டது. தவில்காரர் வழுக்கிக்கொண்டு போனார். கால் தரையில் ஊன்றவே இல்லை. அத்தனை பெரிய தவில் பஞ்சுமூட்டை மாதிரி தோளில் மிதந்தது. அலமாரியிலிருந்து பழைய படங்களையும் இழுத்துப் போட்டுப் புரட்டினாள். பரிசு வாங்கிய படங்கள். ஒன்றிலும் ஒருவரும் நடக்கவில்லை.

உட்கார்ந்து யோசித்தபோதுதான் விளங்கியது. நாலு காகிதம் வரைந்ததும் அசைவு சரியா என்று ஓட்டிப் பார்ப்பது தொழில் வழக்கம். விரலால் புரட்டச் சோம்பல்பட்டு, அவள் ஒவ்வொரு முறையும் திரையில்தான் ஓட்டிப் பார்த்தாள். அதுவும் இசைவுத்திரைதானே! அவள் கண்ணையும் படித்தது. அவள் ஆசைப்பட்ட நடையை அவளுக்கும் காட்டியது. ஊரே ஏமாறுகிறது என்று பரிதாபப்பட்டவள், முதல் வரிசையில் உட்கார்ந்து ஏமாந்திருக்கிறாள்.

நஸ்ரின் சமாதானம் சொல்லிப் பார்த்தாள். இவள் அவமானத்தில் அழுது தீர்த்தாள். பிறகு முகம் கழுவி, திரையைப் பழைய போர்வையால் மூடிவிட்டு, அந்த ஒரு நடையை மறுபடி வரைய உட்கார்ந்தாள். வரைந்தாள், கிழித்தாள். அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு கூடத்தில் நடந்து பார்த்தாள். நஸ்ரினும் அடிக்கடி வந்து புரட்டிப் பார்த்து, இன்னும் வழுக்குகிறார் என்று தயவுதாட்சண்யம் இல்லாமல் சொல்லிவிட்டுப் போனாள். மழைக்காலம் முடியும் நேரத்தில் ஒருநாள், புரட்டியவள் மறுபடி முதலிலிருந்து புரட்டினாள்.

“அவருக்குத் தோளு வலிக்குதுடி” என்றாள்.

அங்கயற்கண்ணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போர்வையை உருவி எறிந்துவிட்டு, பழைய நடையையும் புதிய நடையையும் அடுத்தடுத்துத் திரையில் ஓடவிட்டாள்.

இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. எள்ளளவும் வித்தியாசம் இல்லை. திரையில் பழையதிலும் தவில்காரர் கால் ஊன்றித்தான் நடந்தார்.

அடுத்த விழாவுக்கு எதை அனுப்பப்போகிறாய் என்று நஸ்ரின் கேட்டாள். அங்கயற்கண்ணி பழையதையே அனுப்பினாள். புதியதை நூலால் கட்டி நஸ்ரின் கையில் கொடுத்தாள்.