பளபளக்கும் சரளை

மேபலின் மடியில் டாஃபி கழுத்தைத் தொங்கப் போட்டுக் கிடந்தது. எட்டுக் கோழிகளில் அதுதான் பெரிய வாயாடி. இன்று ஒரு கொக்கரிப்புக்கூட இல்லை.

"என்னம்மா ஆச்சு இதுக்கு?" என்று அப்பா குனிந்து பார்த்தார்.

"தெரியலப்பா. நல்லாத்தான் பாத்துக்கிட்டேன். போன வாரம் புதுச் சரளைகூடப் போட்டேன்."

கோழிக்குப் பல் இல்லை. விழுங்கிய பொடிக்கல்தான் வயிற்றுக்குள் இரையை அரைக்கும்.

"சரளை ஏது?"

"பழைய ஈய ஆலை மேட்டுலேர்ந்து ரெண்டு வாளி அள்ளினேன். எப்படிப் பளபளன்னு இருக்கு தெரியுமா!"

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. "மேபல்! அந்த மேட்டுல நாம ஆடு மேய விடுவோமா?"

விடமாட்டார்கள். நடக்கப் பழகிய நாளிலிருந்தே அவளுக்குத் தெரியும். ஈயம் உருக்குவதை நிறுத்தி நூறு வருடத்துக்கு மேலாகியும் அங்கே ஒரு புல் முளைக்கவில்லை.

"ஆட்டுக்குத்தான் ஆகாதுன்னு நெனச்சேன்ப்பா."

"ஈய விஷம்மா அது! எந்த உசுருக்கும் ஆகாது!"

மேபலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முட்டை! பக்கத்துப் பண்ணை கெர்ரி ஆன்ட்டியின் குழந்தை ஃபின் தினமும் சாப்பிடுவது இந்தக் கோழிகளின் முட்டையைத்தான். இது அவன் சாப்பிடும் நேரம்.

டாஃபியை அப்பாவின் கையில் திணித்துவிட்டு ஓடினாள். கல்சுவரைத் தாண்டியபோது முழங்கால் கிழிந்தது. அவள் கவனிக்கவே இல்லை.

சமையலறையில் ஃபின் வாயை ஆவென்று திறந்திருந்தான். கரண்டி உதட்டருகே போய்விட்டது.

"குடுக்காதீங்க!"

மேபல் தட்டிய வேகத்தில் மஞ்சள்கரு சுவரில் தெறித்தது. ஃபின் வீறிட்டான்.

"என்ன பொண்ணு நீ? பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று கத்தினார் கெர்ரி ஆன்ட்டி.

மேபலுக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "என் தப்புதான் ஆன்ட்டி. நான்தான் போட்டேன்."

கெர்ரி ஆன்ட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மருத்துவருக்குப் போன் செய்தார்.

"இன்னிக்கே ரத்தம் பாக்கணுமாம். ஒரு வாரம்தானே, சீக்கிரம் தெரிஞ்சது ரொம்ப நல்லதுன்னு சொல்றார்," என்று போனை வைத்துவிட்டு மேபலைப் பார்த்தார். "வேற யாருக்கு முட்டை குடுத்தே?"

"நாலு வீட்டுக்கு." மேபலின் கண்கள் நிறைந்தன. "அதுல ஒண்ணு எங்க ஹெட்மாஸ்டர் வீடு."

"அடக் கடவுளே!" கெர்ரி ஆன்ட்டிக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. ஃபின்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கார்ச் சாவியை எடுத்தார். "ஏறு. ஆஸ்பத்திரி போற வழியிலதான் அந்த வீடெல்லாம். அவங்ககிட்ட நான் சொல்லட்டுமா?"

"வேணாம் ஆன்ட்டி. நானே சொல்றேன்."

முதலில் ஹெட்மாஸ்டர் வீட்டுக் கதவைத்தான் மேபல் தட்டினாள், பலமாக.