சட்டைப்பையில் ஒரு திருகாணி

விமானப் போட்டிக் கோப்பையோடு வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி உதறியபோதுதான் கிருத்திக்கின் பையிலிருந்து அந்தத் திருகாணி விழுந்தது.

கட்டைவிரல் நகத்தளவு எஃகுத் திருகாணி. மாதிரி விமானத்தின் இடது இறக்கையை உடலோடு பிடித்து நிறுத்துவது அது ஒன்றுதான். காலையில் அதை மாட்டப் போன நேரத்தில் யாரோ கூப்பிட்டார்கள். பைக்குள் போட்டவர் அப்படியே மறந்துபோனார். திருகாணி பைக்குள் கிடக்க, விமானம் பாட்டுக்கு மேலே போய், மூன்று சுற்று வந்து, ஒரு குட்டிக்கரணமும் போட்டு, அலுங்காமல் இறங்கி, கோப்பையும் வாங்கிக் கொடுத்துவிட்டது.

"இதென்னடா கூத்து" என்றார் கிருத்திக். அறையில் வேறு யாரும் இல்லை.

மற்றவர்கள் என்றால் இதற்கெல்லாம் அசரமாட்டார்கள். திருத்தி இருக்கும்போது என்ன கவலை? அது முதலில் வெறும் பசையாகத்தான் வந்தது. ஒட்டியது கோணலாக இருந்தால் தானே நகர்ந்து நேராக்கும், விட்டுப்போன இடத்தில் தானே வளர்ந்து நிரப்பும், உயிருள்ள பசை. ஒரு தலைமுறைக்குள் அது நுழையாத இடம் இல்லை. கத்தியில் திருத்தி, விரல் குறுக்கே வந்தால் முனை மழுங்கிக்கொள்ளும். சட்டியில் திருத்தி, உப்பை அள்ளிப் போட்டாலும் குழம்பு கரிக்காது. பேனா மையில்கூடத் திருத்தி. தப்பாக எழுதினால் எழுத்து தானே நெளிந்து சரியாகும். நல்லதுதான், இல்லை என்று யார் சொன்னது? எதைச் செய்தாலும் சரியாக வரும் என்றான பிறகு எவன் உட்கார்ந்து சரியாகச் செய்யக் கற்றுக்கொள்வான்? ஊர் மொத்தமும் கையை மறந்துபோனது.

தான் மட்டும் மறக்கவில்லை என்பது கிருத்திக்கின் நினைப்பு. பல்லடம் சாலையில் இருக்கும் வெறுங்கைக் கழகத்துக்கு அவர்தான் தலைவர். அங்கே ஜெட் விமானம் ஒன்றைப் பெட்டியில் உதிரி உதிரியாகக் கொடுப்பார்கள். உடல், இறக்கை, வால், மண்ணெண்ணெயில் ஓடும் சின்னச் சுழலி, இறக்கை மடலை ஆட்டும் அசைப்பிகள், ஒரு புட்டி பசை. பெட்டிமேல் கொட்டை எழுத்தில் 'திருத்தி இல்லை' என்று போட்டிருக்கும். கட்டி முடித்ததும் இரண்டு சுட்டுவிரலை இறக்கைக்கு அடியில் கொடுத்துத் தூக்க வேண்டும். மூக்கு லேசாகத் தாழ்ந்தால் எடை சரி. அதற்கு விரல்தூக்கு என்று பேர். விரல்தூக்கில் தேறி, தரையில் நின்றபடி தொலைப்பிடியால் ஓட்டி வானத்தில் மூன்று சுற்று வரவைத்தால், கிருத்திக் கைச்சான்று எழுதித் தருவார்.

அது சுவரில் மாட்டுகிற காகிதம் அல்ல. விண்வெளிக் குளிரில் திருத்தி செத்துப்போகும். ஆகவே மேலே கட்டிக்கொண்டிருந்த விண்துறைமுகத்துக்கு மட்டும் நிஜமான கைகள் வேண்டியிருந்தன. அங்கே ஒரு திருகாணி விட்டுப்போனால் காற்று வெளியேறும், ஆள் மிஞ்சமாட்டான். கிருத்திக்கின் சான்று இருந்தால்தான் மேலே போக முடியும். முன்பு போனவர்களைப் பற்றி ஊருக்குச் செய்தி ஒன்றும் வருவதில்லை, வராததே நல்ல செய்தி என்று இருந்தார்கள். அடுத்த மாதம் போகிறவர்களில் அவருடைய தங்கை மகன் அகரனும் ஒருவன்.

கிருத்திக் விமானத்தை மேசையில் கவிழ்த்து இறக்கை பொருந்தும் இடத்தைப் பார்த்தார். திருகாணி இருக்க வேண்டிய ஓட்டையில் பசை வளர்ந்து நின்றது. தலை, மரை எல்லாம் வைத்து, அச்சு அசலாக ஒரு திருகாணி போலவே நின்றது. அந்த நிமிடத்தில் அவருக்கு நினைவு வந்தது அகரன் அல்ல, மகள் இதழினி.

ஐந்து வருடம் முன்பு விண்துறைமுகத்துக்குப் போகத்தான் அவளும் விமானம் கட்டினாள். கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். "கத்திகூடப் பிடிக்கத் தெரியல, இவ போய் வானத்துல வேலை செய்யறாளாமா" என்று எல்லார் முன்னாலும் சிரித்தார் அப்பா. அவள் விமானம் ஒன்றரைச் சுற்றுப் போய், இறக்கை உதறி, சோளக்காட்டில் விழுந்து நொறுங்கியது. கழகத்தில் ஒரு விமானம் விழுந்ததை அன்றைக்குத்தான் எல்லோரும் முதல்முறை பார்த்தார்கள்.

"பசையில என்னமோ இருக்குதுங்கப்பா. வெச்ச எடத்துல வெச்ச மாதிரி இருக்கறதில்ல. நான் எல்லாத்தையும் தின்னர்ல கழுவிட்டு, வேற பசை காய்ச்சி ஒட்டுனேன்" என்றாள் அவள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் அவர்.

சான்று தரவில்லை. நொறுங்கிய விமானத்தை எடுத்துவந்து, புட்டிப் பசையால் இரண்டே நாளில் ஒட்டி, அதையே பறக்கவிட்டு, அந்த வருடக் கோப்பையையும் வாங்கினார். "பாத்தியா, கைன்னா இது" என்றார். மகள் சத்தியமங்கலத்தில் ஒரு நாற்றுப்பண்ணை வேலைக்குப் போனவள், பொங்கலுக்குக்கூட வருவதில்லை.

கிருத்திக்குக்குச் சந்தேகம் தீரவில்லை, அல்லது தீர்ந்துவிடக் கூடாது என்று பயம். புதுப் பெட்டி ஒன்றைப் பிரித்தார். வேண்டுமென்றே எல்லாவற்றையும் தப்பாகச் செய்தார். இடது அசைப்பிக் கம்பியை வலதில் மாட்டினார். மூக்கில் வைக்க வேண்டிய ஈயத்தை வாலில் வைத்தார். வாலைக் கோணலாகச் செருகி, பசையைத் தொடக்கூட இல்லை. மறுநாள் விரல்தூக்கில் மூக்கு அழகாகத் தாழ்ந்தது. மேலே போய் மூன்று சுற்று வந்தது. தொலைப்பிடியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். நாலாவது சுற்றும் போனது.

"தலைவரு கைய எடுத்தாலும் பறக்குதுங்க!" என்று கழகத்தார் கைதட்டினார்கள். தீர்ந்தது சந்தேகம்.

பெட்டி விற்கிற நிறுவனத்துக்குப் போன் போட்டார். ஒரு பெண் இனிமையாகப் பேசினாள்.

"திருத்தி இல்லாம ஒரு ஊசிகூட விக்கறதுக்குச் சட்டத்துல இடமில்லைங்க சார்."

"அப்புறம் எதுக்கும்மா பெட்டி மேல அப்படிப் போட்டிருக்கறீங்க?"

"அது மாடலோட பேருங்க சார். வாங்கறவங்களுக்கு ஒரு திருப்தி வேணுமில்லைங்களா?"

இருபது வருடத் திருப்தி! கிருத்திக் சுவரில் இருந்த கோப்பைகளைப் பார்த்தார். அத்தனையையும் தூக்கித் தெருவில் எறியலாம் போல வந்தது. ஆனால் எறிந்து தீர்கிற விஷயமா இது? அவர் கையெழுத்தை நம்பி அகரன் மூட்டை கட்டிக்கொண்டிருந்தான்.

தங்கை வீட்டுக்குப் போனார். தங்கை கணவர் தர்ஷன் ஊருக்கெல்லாம் கொடுக்கச் சந்தோஷமாகப் பலகாரப் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தார். கிருத்திக் திருகாணியை எடுத்து அவர் முன்னால் வைத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார்.

"மாப்ள, பையன அனுப்பாதீங்க. அவனுக்குக் கை வேலை ஒண்ணும் தெரியாது. எனக்கும் தெரியாது. நம்ம ஊர்ல ஒருத்தனுக்கும் தெரியாது."

தர்ஷன் பொட்டலத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "ஏனுங்க மச்சான், உங்க புள்ள போகலைன்னு எம்பையனும் போகக் கூடாதுங்களா?"

"அட, அதில்லீங்க..."

"பின்ன எதுங்க? நீங்களே பாத்து, நீங்களே கையெழுத்துப் போட்டுட்டு, இப்ப வந்து பசை சரியில்லைங்கறீங்க. அன்னிக்கு அந்தப் புள்ளைய என்ன சொன்னீங்க? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னு சொன்னீங்களா இல்லீங்களா?"

கிருத்திக் திருகாணியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அவர் வாயால் சொன்னது, அவர் பக்கமே திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

விண்துறைமுக அலுவலகத்தில், சான்றை ரத்துசெய்ய வேண்டுமானால் கைப்பட எழுதிக் கொடுங்கள் என்றார்கள். அங்கேயே பேனாவை வாங்கி, 'நான் கொடுத்த சான்று செல்லாது' என்று எழுதினார். இருபது வருடமாக இந்தக் கை 'செல்லும்' என்றே எழுதிப் பழக்கம். மை அதைப் பிழை என்று எடுத்துக்கொண்டது. அவர் கண் முன்னாலேயே நெளிந்து, அழகான கையெழுத்தில் 'செல்லும்' என்று திருந்தி நின்றது. அடுப்புக்கரி கொண்டுவந்து எழுதினார். காகிதத்தில் இருந்த திருத்தி அதை அழுக்கு என்று உதறிவிட்டது. "நல்லா இருக்கறதுக்கே மறுபடி எதுக்குங்க ஐயா சான்று?" என்று கேட்டு, அதிகாரி அந்தக் காகிதத்தையும் கோப்பில் சேர்த்துவிட்டார்.

கடைசியில், இத்தனை வருடம் கழித்து, மகளைக் கூப்பிட்டார்.

"இதழி... நீ அன்னிக்குச் சொன்னது நெசந்தான் கண்ணு. கழுவி ஒண்ணு கட்டிக் காட்டினாத்தான் இவங்க நம்புவாங்க."

"தின்னர் நெறைய வேணுங்கப்பா. கத்தியக் கல்லுல தீட்டிக்கணும், அதுலயும் திருத்தி இருக்கும். நான் வர்றேன்" என்றாள்.

வந்தாள். ஆனால் விமானத்தைத் தொடமாட்டேன் என்றுவிட்டாள். "எனக்குக் கை வராதுன்னு நீங்க சொன்னீங்க. நான் நம்பீட்டனுங்கப்பா. அதுக்கப்புறம் நான் ஒரு ஆணிகூட அடிச்சதில்ல" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது தாங்கியிருப்பார். பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

கிருத்திக் தானே கட்டினார். எல்லாப் பாகத்தையும் கழுவி, வேறு பசை காய்ச்சினார். கத்தியைத் தீட்டி எடுத்து முதல் வெட்டு வெட்டியதும் விரலிலிருந்து ரத்தம் வந்தது. ஐம்பத்திரண்டு வயதில் முதல் ரத்தம். "அய்யோ" என்று குழந்தை மாதிரி அலறிவிட்டார். இதழினி துணி கிழித்துச் சுற்றினாள். அவள் கட்டைவிரலில் இருந்த பழைய வடுவை அப்போதுதான் அவர் கிட்டத்தில் பார்த்தார். கட்டி முடிப்பதற்குள் அவர் விரல்களில் துணி சுற்றாதது பாதிதான்.

கழகத்து ஓடுதளத்துக்கு தர்ஷனையும் அகரனையும் கெஞ்சிக் கூட்டிவந்தார். "கழுவிட்டுக் கட்டியிருக்கேன். இதுதான் நெசமான என் கை. கண்ணால பாருங்க" என்றார். சுழலி விசில் அடித்தது, மண்ணெண்ணெய் நாற்றம் பரவியது. விமானம் ஓடியது. தரையை விட்டு எழும்புவதற்கு முன்னாலேயே இடது இறக்கை கழன்று ஓரமாகப் போய் விழுந்தது. உடல் உருண்டு, மூக்கு நசுங்கி நின்றது.

மகளின் ஒன்றரைச் சுற்று எங்கே, இது எங்கே. அவருக்கு அழுகை வந்தது. அதோடு ஒரு நிம்மதியும் வந்தது. இதைப் பார்த்த பிறகாவது நம்புவார்கள் அல்லவா?

அகரன் ஓடிவந்து அவர் தோளைப் பிடித்தான். "விடுங்க மாமா, மனசு ஒடைஞ்சு போகாதீங்க. கழுவுனதுல பாகமெல்லாம் கெட்டுப்போச்சு, அவ்வளவுதான். உங்க கைய எங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தப்பு என்னோடதுடா! நான் செஞ்ச தப்பு!"

"நீங்களாவது, தப்புச் செய்யறதாவது" என்று தர்ஷனும் சிரித்தார். அவர் குரலில் இப்போது கோபம் இல்லை, இரக்கம்தான் இருந்தது. வயசாகிவிட்டது பாவம் என்கிற இரக்கம்.

"அப்ப நீ கழுவிக் கட்டுடா அகரா. ஒரே ஒண்ணு. எனக்காக."

"கெளம்பற நேரத்துல ஒடைஞ்ச சாமானத் தொடறது அபசகுனமுங்க மச்சான்" என்று தர்ஷன் மகனைக் கையைப் பிடித்து அழைத்துப் போய்விட்டார்.

வழியனுப்பு விழா கழகத்துத் திடலில்தான் நடந்தது. மேளம், மாலை, ஊரே திரண்ட கூட்டம். 'எங்கள் கைகளைத் தந்தவர்' என்று கிருத்திக்குக்கும் ஒரு மாலை போட்டார்கள். பேசச் சொன்னபோது ஒலிவாங்கியைப் பிடித்து, "இவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க, அனுப்பாதீங்க" என்று கத்தினார். தலைவருக்கு என்ன அடக்கம் பாருங்கள் என்று கூட்டம் விசில் அடித்தது. அகரன் வந்து காலில் விழுந்தான். எழுந்தவனிடம் அந்தத் திருகாணியைக் கொடுத்து, "மேல போனதும் இத ஒரு ஓட்டையில மாட்டிப் பாருடா. முடியலைன்னா எதையும் தொடாத, கீழ வந்துரு" என்றார். அவன் அதை ராசிப்பொருள் என்று நினைத்துக் கண்ணில் ஒற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

பிறகு கழகத்து வழக்கப்படி, போகிறவர்கள் வரிசையாக நின்று இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார்கள். படம் பிடிப்பதற்காக உள்ளங்கையை விரித்தார்கள். இருபது வருடம் அந்த வரிசையைப் பார்த்துப் பூரித்துப்போனவர் கிருத்திக். இன்றைக்குத்தான் கைகளைப் பார்த்தார். வழவழவென்று, வெள்ளை வெளேரென்று, பிறந்த குழந்தையின் கை போல இருந்தன. ஒரு கையிலும் ஒரு கீறல் இல்லை.

கூட்டம் கைதட்டியது. துணி சுற்றிய விரல்களை மடியில் வைத்துக்கொண்டு கிருத்திக் பக்கத்தில் பார்த்தார். இதழினி கைதட்டவில்லை. வடு இருந்த கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மறைத்து வைத்திருந்தாள்.