அப்பா பார்க்காத கட்டு

எங்கள் கப்பல் பயணம் மூன்றாவது முறையாகத் தள்ளிப்போன அன்று, தம்பி சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

"வெளியே வாடா," என்றாள் அம்மா.

"மாட்டேன். கப்பல்ல வெளிநாடு போறேன்னு கிளாஸ் முழுக்கச் சொல்லிட்டேன். இனிமே நான் ஸ்கூலுக்கே போக முடியாது. லீவு லெட்டர் எழுதிக் கொடுங்க."

"என்னன்னு எழுதறது? மேசைக்கு அடியில குடியேறிட்டான்னா?"

வேறொரு நாளாக இருந்தால் எல்லோரும் சிரித்திருப்போம். அன்று அம்மா சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை. அப்பா தட்டைவிட்டுத் தலை நிமிரவில்லை.

நாங்கள் நான்கு பேரும் இதுவரை வெளிநாடு போனதில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு நாடு இருக்கிறது. கப்பலில் ஐந்து மணி நேரம். மிகப் பெரிய கப்பல் அது. மேல் தளங்களில் மனிதர்கள், கீழ்த் தளத்தில் கார்கள், லாரிகள். பள்ளி விடுமுறையில் நான்கு நாள் போய்வரலாம் என்று முதலில் சொன்னதே அப்பாதான். திட்டம் போடும் வேலையை என்னிடம் கொடுத்ததும் அவர்தான்.

நான் பெரிய தாளில் கட்டம் கட்டமாகப் போட்டு எல்லாம் எழுதினேன். யார் எந்தப் பையைத் தூக்குவது, பாஸ்போர்ட் யாரிடம் இருப்பது, தம்பிக்கு எத்தனை முறை 'இன்னும் எவ்வளவு நேரம்?' என்று கேட்க அனுமதி என்பது உட்பட.

ஆனால் அப்பா ஒவ்வொரு முறையும் ஏதாவது சொன்னார். முதலில், "இந்த மாசம் கடல்ல அலை ஜாஸ்தியாம்." அடுத்து, "பாஸ்போர்ட் போட்டோல என் காது ரெண்டும் ஒரே அளவா இல்ல. வேற எடுக்கணும்." இப்போது, "வேலையில ஆள் இல்ல. லீவு தர மாட்டேங்கிறாங்க."

மறுநாள் வியாழக்கிழமை. துவைக்கப் போட்ட அப்பாவின் சட்டைப் பையில் அம்மா ஒரு காகிதத்தைக் கண்டெடுத்தாள். லீவு விண்ணப்பம். கீழே மேலாளரின் கையெழுத்து. லீவு கிடைத்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

அம்மா அதை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். அவள் கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்ப்பவள். துளி கீறல் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

"அப்பாவுக்கு நம்மகூட வர இஷ்டமில்ல போல," என்றாள், என்னைப் பார்க்காமல்.

"அப்படியெல்லாம் இருக்காதும்மா."

"அப்போ ஏன் மறைக்கணும்? நான் எதுவும் கேட்கப் போறதில்ல. டிக்கெட் வாங்கலைன்னா சனிக்கிழமை ஒரு மணி வரைக்கும்தான் நமக்கு இடம் பிடிச்சு வைப்பாங்க. போனா போகட்டும். அதோட நான் இந்தப் பேச்சையே விட்டுடறேன்."

அம்மா கோபப்பட்டால் எனக்குப் பயமில்லை. அவள் விட்டுவிடுகிறேன் என்று சொன்னால்தான் பயம்.

அன்று மாலை அப்பா வேலைவிட்டு வந்து குளிக்கப் போனார். மேசையில் அவர் வைத்துவிட்டுப் போன கப்பல் விளம்பரத் தாள் கிடந்தது. அதில் ஒரு படம். கப்பல் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது, லாரிகள் வரிசையாக உள்ளே போகின்றன. அந்த லாரிகளைச் சுற்றி அப்பா பென்சிலால் அம்புக்குறிகள் போட்டிருந்தார். ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தார்:

'கப்பல் ஆடினால் இதெல்லாம் நகராதா? கட்டுவது யார்? கட்டு பார்ப்பது யார்?'

நான் அதை மூன்று முறை படித்தேன்.

என் அப்பா டவர் கிரேன் ஓட்டுபவர். இருபது மாடி உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, இரும்புத் தூண்களைத் தூக்கி வைப்பவர். சுமையைக் கீழே கட்டுபவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் கட்டியதும் மற்ற கிரேன்காரர்கள் மேலிருந்தே தூக்கிவிடுவார்கள். அப்பா மட்டும் பெரிய சுமை என்றால் ஏணியில் இறங்கி வருவார். ஒவ்வொரு கொக்கியையும் கையால் இழுத்துப் பார்ப்பார். பிறகு மறுபடி ஏறுவார். அங்கே அவருக்கு 'லிஃப்ட் அண்ணன்' என்று பட்டப்பெயர்.

வீட்டிலும் அப்படித்தான். அலமாரி சுவரோடு கட்டியிருக்கும். கேஸ் சிலிண்டருக்கு இரண்டு கட்டு. 'இந்த வீட்டில கட்டாம விட்டது சின்னவனை மட்டும்தான்' என்று அம்மா சொல்வாள்.

அப்படிப்பட்டவர், தான் பார்க்காத கட்டுகளின் மேல் ஐந்து மணி நேரம் உட்கார்ந்து போக வேண்டும். அதுவும் எங்களையும் கூட்டிக்கொண்டு.

அப்பாவுக்குப் பயம்.

அது தெரிந்ததும் எனக்குச் சந்தோஷமாக இல்லை. கேட்காமல் யாருடைய பெட்டியையோ திறந்துவிட்டதுபோல இருந்தது. தாளை இருந்த இடத்திலேயே, இருந்த கோணத்திலேயே வைத்தேன்.

அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். அவள் வருத்தம் அந்த நிமிடமே போயிருக்கும். ஆனால் தம்பிக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரியும். பள்ளிக்கூட மேடையில் பாட்டை மறந்து நான் அழுதபோது, அப்பா என்னை மட்டும் தனியாகச் சுற்றுவழியில் வீட்டுக்குக் கூட்டிவந்தார். முகம் கழுவிய பிறகுதான் உள்ளே விட்டார். அதை அவர் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் விளம்பரத் தாளில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன்.

"வணக்கம், பயணிகள் கப்பல் அலுவலகம்," என்றது ஒரு பெண் குரல்.

"கீழ்த்தளத்துல லாரியை எல்லாம் யார் மேடம் கட்டுவாங்க?"

"லாரி கொண்டுவர்றீங்களா?"

"இல்ல, அப்பாவைக் கொண்டுவரணும்."

"அப்பாவையா கட்டணும்?"

"ஐயோ இல்ல மேடம்! அவருக்குக் கட்டு பார்க்கணும். பார்த்தாதான் அவர் வருவார். நாளைக்கு ஒரு மணிக்குள்ள."

அந்தப் பக்கம் சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. "இரு பாப்பா, வண்டித்தளப் பொறுப்பாளர்கிட்டே தர்றேன்."

அடுத்து வந்ததும் பெண் குரல்தான். பக்கத்தில் ஏதோ இரும்பு இரைந்துகொண்டிருந்ததால் அவர் கத்திப் பேசினார். நானும் கத்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"கிரேன்காரரா? கட்டைக் கையால இழுத்துப் பார்ப்பாரா?" என்றார்.

"ஒவ்வொண்ணையும்."

"நாளைக்குப் பத்து மணிக்குக் கூட்டிட்டு வா. பார்வையாளர் அட்டை வாங்கி வைக்கிறேன். ரெண்டு பேரும் ஷூ போட்டுக்கிட்டு வரணும். செருப்பு கூடாது."

இனி மிச்சம் இருந்தது ஒரு வேலைதான். அப்பாவை எப்படிக் கூப்பிடுவது?

சாப்பிடும்போது சொன்னேன். "அப்பா, எனக்குக் கப்பல்ல போகப் பயமா இருக்கு. கீழே லாரியை எல்லாம் ஒழுங்காக் கட்டுவாங்களான்னு தெரியல. நாளைக்குக் கப்பல்ல ஏத்தறதைப் பார்க்கலாமாம். கேட்டுட்டேன். என்கூட வர்றீங்களா?"

அது முழுப் பொய்யில்லை. எனக்கும் பயம் இருந்தது. போகவே மாட்டோமோ என்ற பயம்.

தம்பி ஸ்பூனைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினான். "அக்கா பயந்தாங்கொள்ளி! அக்கா பயந்தாங்கொள்ளி!"

திட்டம் போட்டவளே பயந்தாங்கொள்ளி! என் காது சுட்டது. ஆனாலும் பதில் பேசாமல் ரொட்டியை மென்றேன்.

அப்பா என்னையே பார்த்தார். பிறகு மேசை ஓரத்தில் கிடந்த விளம்பரத் தாளைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"போலாம் கண்ணு," என்றார் மெதுவாக.

சனிக்கிழமை காலை துறைமுகத்தில் மஞ்சள் சட்டையும் தொப்பியும் கொடுத்தார்கள். என் தொப்பி மூக்குவரை இறங்கியது. வண்டித்தளப் பொறுப்பாளர் என் உயரத்துக்கு ஒரு சாண்தான் கூடுதல். ஆனால் அவர் கழுத்தில் தொங்கிய விசிலை ஊதினால், பெரிய பெரிய லாரிகளெல்லாம் அப்படியே நின்றன.

"வாங்க சார். பாப்பாவுக்குப் பயமாமே?" என்று என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

"ஆமா... பாப்பாவுக்கு," என்றார் அப்பா.

கப்பலின் வயிற்றுக்குள் போனோம். இரும்புத் தரை. அதில் வரிசையாக வளையங்கள். ஒரு லாரி வந்து நின்றதும் நான்கு பேர் ஓடிவந்து சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தார்கள். சங்கிலியை லாரியில் ஒரு முனை, தரை வளையத்தில் மறுமுனை என்று மாட்டி, நெம்புகோலால் இறுக்கினார்கள்.

அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஆனால் அவர் விரல்கள் சும்மா இல்லை. ஒன்றையொன்று இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தன.

"ஒரு சங்கிலி எவ்வளவு தாங்கும்?" என்று கடைசியில் கேட்டார்.

"பத்து டன் சார். ஒரு லாரிக்கு எட்டு சங்கிலி."

"ஒரே பக்கமா இழுத்தா?"

"அதான் குறுக்கா போடறோம், பாருங்க. எந்தப் பக்கம் ஆடினாலும் எதிர்ப்பக்கம் பிடிக்கும்."

"வலதுபக்கம் எடை கூடிப்போச்சுன்னா?"

"எந்த லாரி எங்கே நிக்கணும்னு முன்னாடியே கணக்குப் போட்டுத்தான் விடறோம். நீங்க கேள்வி கேட்கறதைப் பார்த்தா, என்னை வீட்டுக்கு அனுப்பிடுவீங்க போலிருக்கே!"

அப்பா லேசாகச் சிரித்தார். அப்போதுதான் அவர் முகம் மாறியது. அவர் கண் மூன்றாவது லாரியின் அடியில் போய் நின்றது. நானும் குனிந்து பார்த்தேன். ஒரு கொக்கி வளையத்துக்குள் முழுதாக இறங்காமல் ஓரத்தில் தொற்றிக்கொண்டிருந்தது. கட்டிய ஆட்களோ அடுத்த லாரிக்குப் போய்விட்டார்கள்.

எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அப்பா வாயைத் திறந்தார்.

அதற்குள் லாரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து டங், டங் என்று சத்தம் வந்தது. கையில் சுத்தியலோடு ஒருவர் குனிந்து வந்துகொண்டிருந்தார். கட்டியவர்களில் ஒருவரல்ல, வேறு ஆள். ஒவ்வொரு சங்கிலியாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். கையால் இழுத்துப் பார்த்தார். அந்தக் கொக்கியிடம் வந்தார். தட்டினார். டப் என்றது.

"டேய், எவன்டா இதை மாட்டினது? துணி காயப்போட்டிருக்கியா?" என்று கத்தினார். கொக்கியைக் கழற்றி, ஒழுங்காக இறக்கி, மறுபடி இறுக்கினார். தட்டினார். டங்.

"கட்டறவங்க வேற, பார்க்கறவர் வேற," என்றார் பொறுப்பாளர். "அவர் முடிச்சதும் நான் ஒரு சுத்து வருவேன். அப்புறம்தான் கப்பல் கதவை மூடச் சொல்வேன்."

அப்பா சுத்தியல்காரர் அடுத்த சங்கிலிக்குப் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். நீண்ட நாள் கழித்துச் சொந்தக்காரரைக் கண்டதுபோல இருந்தது அவர் முகம்.

"கண்ணு," என்றார் கடைசியில். "அவரும் இழுத்துப் பார்க்கிறார்."

"ஆமாப்பா."

"மணி என்ன?"

"பன்னிரண்டே முக்கால்!"

ஓடினோம். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். தொப்பியைத் திருப்பிக் கொடுக்க மறந்து, திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு மறுபடி ஓடினோம். டிக்கெட் அறையில் வரிசை வாசல்வரை நின்றது. எங்கள் முறை வந்தபோது சுவர்க் கடிகாரத்தில் ஒரு மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது.

"நாலு பேர். போக வர," என்றார் அப்பா மூச்சு வாங்க. "லாரித்தளத்துக்கு நேர் மேல இடம் இருக்கா?"

டிக்கெட் கொடுப்பவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அப்பாவைப் பார்த்தார். "எல்லாரும் ஜன்னல் ஓரம்தான் கேப்பாங்க."

"எனக்கு அங்கதான் நிம்மதியா இருக்கும்," என்றார் அப்பா.

வீட்டுக்கு வந்ததும் அவர் நான்கு டிக்கெட்டையும் அம்மாவின் முன்னால் வரிசையாக வைத்தார். அம்மா ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், கீறல் தேடுவதுபோல.

"பயந்தாங்கொள்ளி அக்காவுக்குப் பயம் போச்சா?" என்று ஆரம்பித்தான் தம்பி.

"அவ இல்லடா," என்றார் அப்பா. "பயந்தது நான்தான். லீவு கிடைச்சதையும் மறைச்சேன். அக்கா எனக்காகப் பழியை வாங்கிக்கிட்டா."

தம்பியின் வாய் திறந்தபடியே நின்றது. அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

"இதைச் சொல்ல ரெண்டு மாசமாங்க? நான் என்னென்னமோ நினைச்சுட்டேன்."

"தெரியும். அதுதான் கப்பலைவிடப் பயமா இருந்துச்சு."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் கொஞ்சம். பிறகு நிறைய. தம்பி எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தான். நான் சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். அழுகை வருவதுபோல இருந்தது, ஆனால் அது வேறு மாதிரி அழுகை.

பன்னிரண்டு நாள் கழித்து, காலை ஒன்பது மணிக்கு, நாங்கள் நால்வரும் கப்பலின் மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சங்கு ஊதியது. கரைக்கும் கப்பலுக்கும் நடுவில் ஒரு கோடுபோலத் தண்ணீர் தெரிந்தது. கோடு வாய்க்காலானது. வாய்க்கால் ஆறானது.

"நகருது! கப்பல் நகருது!" என்று அப்பா இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார். தளத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டாள். தம்பி, தனக்கு இவர்களைத் தெரியவே தெரியாது என்பதுபோல நான்கடி தள்ளிப் போய் நின்றான்.

நான் அப்பாவோடு சேர்ந்து, அவரைவிடச் சத்தமாகக் கத்தினேன்.