மூச்சு வாங்கிய கசிவு

இடது காது இன்று லேசாக அடைத்திருக்கிறது. யாரிடமும் சொல்லக் கூடாது. இப்படி நினைத்துக்கொண்டேதான் செந்தாழை ஹெட்போனை மாட்டினாள்.

செவ்வாய்க் குடியிருப்பில் அவளுக்குக் கேட்பதுதான் வேலை. நாற்பது அறைகளின் சுவர்களிலும் பதித்த செவிப்பொறிகள் அவள் காதோடு இணைந்திருந்தன. சுவரில் துளை விழுந்தால், வெளியேறும் காற்று விளிம்பில் மோதிப் பிளந்து சீழ்க்கையாகும். கேட்டதும் அந்த அறையை அவள் மூட வேண்டும். மூடிய அறையின் காற்றை இயந்திரம் மற்ற அறைகளுக்கு இழுத்துக்கொள்ளும், உள்ளே ஆள் இருந்தாலும். அதனால் இங்கே யாரும் சீழ்க்கை அடிப்பதில்லை. ஆறு வயதில் காலி பாட்டிலின் வாயில் ஊதியதற்கு அம்மா அவள் உதட்டிலேயே அடித்தாள். அடித்த பிறகு அம்மாதான் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

பதினேழாம் அறையில் சீழ்க்கை எழுந்தது.

அங்கே சவரிமுத்து மட்டும் இருந்தார். காற்றைப் பரப்ப வரிசையாகத் துளையிட்ட பழைய குழாய்களைக் கழற்றும் வேலை. அதற்காக அந்த அறையின் அழுத்தமானியையும் இன்டர்காமையும் அணைத்திருந்தார்கள்.

"மூடும்மா," என்றார் பின்னால் நின்ற மேற்பார்வையாளர் திருவரசு. அறையை மூடும் விசை செந்தாழையின் விரலுக்கு மட்டுமே இயங்கும்.

"ஒரு நிமிஷம் சார்."

"ஒன்பதாம் ரூம்ல இப்படி நிமிஷம் பாத்துதான் பதினோரு பேர் போனாங்க."

கசிவின் ஒலி வழுக்கிக்கொண்டே இறங்கும். இது படிப்படியாக மேலே ஏறியது. பாட்டிலில் தண்ணீர் கூடக் கூட அதன் குரல் உயர்ந்தது அவளுக்கு நினைவு வந்தது. உள்ளே அதிரும் காற்று குட்டையானால் ஒலி ஏறும். குழாயின் துளைகளை விரல்களால் மூடி, நுனியிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்தாலும் அப்படித்தானே?

ஒலி நின்றது. மெல்லிய இழுப்பு ஒன்று. மறுபடி தொடங்கியது.

"மூச்சு வாங்குது சார்."

"எது?"

"அந்தச் சத்தம். சவரிமுத்து அண்ணன் குழாய ஊதுறாரு."

"ஊதுறாரா? எதுக்கு?"

குழாயை ஊதும் ஒருவரை அவள் பார்த்ததே இல்லை.

"கதவத் திறந்து பாத்துரலாமா சார்?"

"கசிவுன்னா கதவத் திறந்ததும் மொத்தக் காத்தும் போயிடும். உன் பையன் எந்த ரூம்ல இருக்கான்?"

"பதினெட்டு."

"பக்கத்து ரூம். உன் காத நீயே நம்புறியா?"

அடைத்த காது உள்ளே விம்மியது. நம்பவில்லை. மகன் இப்போது விழித்திருப்பான், பல் தேய்க்காமல் உட்கார்ந்திருப்பான். விரலை அழுத்தினால் அவனுக்கு ஒன்றும் ஆகாது. அது மட்டும் நிச்சயம்.

ஒலி மறுபடி படி ஏறியது. நான்காவது படியில் பிசிறியது. கொஞ்சம் தயங்கி, தொடங்கிய இடத்துக்கே திரும்பிப் போய், அந்தப் படியைச் சரியாக மிதித்தது.

"செந்தாழை. மூடு."

அவள் விசையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்து, மறு கையால் மூடிக்கொண்டாள்.

"நான் மூடல சார்."