சரிபார்த்த மனிதர்

தான் இன்னும் திறந்தே பார்க்காத கோப்பின் அடியில் தன் கையொப்பம் இருப்பதைச் சுகிர்தா கண்டது, மதியச் சோறு சாப்பிட்டுக் கையின் ஈரம் காயாமல் கதிரைக்கு வந்தபோதுதான்.

கண்டி வாவிக்கு மேலேறும் வீதியிலிருந்த அந்த அலுவலகத்தில் அவளுக்கு ஒரே வேலை. பிடிபட்டவரைப் பிணையில் விட்டால் எவ்வளவு ஆபத்து என்று கணினி ஓர் எண் சொல்லும். மனிதர் ஒருவர் வாசித்துக் கையொப்பமிடாமல் அந்த எண் நீதவானிடம் போகக்கூடாது என்பது புதுச் சட்டம். அந்த மனிதர் சுகிர்தா.

கோப்பு சின்னமுத்துவுடையது. தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்து ஆள். கொழுந்து மூட்டை திருடினார் என்று சந்தேகம். ஆபத்து நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று, பிணை வேண்டாம். கையொப்பத்தில் 'சு'வின் சுழி அவள் போடுவதுபோலவே இடப்பக்கம் சரிந்திருந்தது. பக்கத்தில் நேரம், 12.50. அப்போது அவள் கீழே சாப்பாட்டறையில் இருந்தாள்.

மேலதிகாரி ராஜரத்தினத்திடம் போய்ச் சொன்னாள். போட்டுவிட்டு மறந்திருப்பீர்கள் என்றார், நிமிராமலே. அவளுடைய அறைக்கு இன்னொரு சாவி அவரிடம் இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தாள். கதிரை சூடாக இருந்தது.

மழை தகரத்தில் இரைந்துகொண்டிருந்த அந்தப் பின்னேரம், அலுமாரியிலிருந்த பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். அவள் காய்ச்சலில் கிடந்த நாளில் ஒன்பது கையொப்பம். தீபாவளி லீவில் பதினாறு. இருபத்தைந்து பேரும் சிறையில். எல்லாவற்றிலும் அதே சரிந்த சுழி.

அறையைப் பூட்டிச் சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டு, கமெரா பார்க்கும் நுஸ்கியிடம் இறங்கிப் போனாள். மதியம் 12.50க்குத் தன் அறையில் யார் இருந்தது என்று பார்க்க வேண்டும் என்றாள். ராஜரத்தினத்தின் வழுக்கைத் தலை தெரியும் என்று காத்திருந்தாள்.

திரையில் அவள் மேசை. மேசைக்கு முன்னால் ஒரு பெண். சுகிர்தா உடுத்திருந்த அதே ஊதாச் சேலை. அதே பின்னல்.

"இதுதான். நிப்பாட்டுங்க."

நுஸ்கியின் விரல் அசையவில்லை. "நான் இன்னம் ரெக்கோடிங் போடல்ல, மிஸ். இது இப்ப நடக்கிறது."

சாவி உள்ளங்கையில் குத்தியது.

அந்தப் பெண் வாசிக்கவில்லை. தாள். கையொப்பம். தாள். கையொப்பம்.

பிறகு புதுக் கோப்பு ஒன்றை விரித்தாள். மேல் மூலையில் சுகிர்தாவின் படம். கீழே, ஆபத்து நூறு.

படத்தைக்கூடப் பார்க்காமல் கையொப்பமிடும் இடத்தில் பேனையை வைத்தாள்.